வட ஒன்டாரியோ ஏரியில் பிக்கரல் பிடிக்க: ஒரு ராட், ஒரு ஜிக் போதும்

கோடை வந்தால் டொராண்டோவிலிருந்து நார்த் பே, சட்பரி, டெமகாமி என்று வடக்கே காட்டேஜ் எடுத்துப் போகிற நம் ஆட்கள் பலர், போகிற வழியில் ஒரு ராடும் (தூண்டில் கம்பு) பளபளக்கிற நாலு லூரும் (போலி இரை) வாங்கிக்கொண்டு போய், மூன்று நாள் எறிந்து இழுத்துவிட்டு "இந்த ஏரியில மீனே இல்லப்பா" என்று திரும்பி வருகிறார்கள். மீன் இருக்கிறது. அது பதினைந்து அடிக்குக் கீழே பாறையை ஒட்டிக் கிடக்கிறது, இவர்கள் தூண்டில் மூன்றடி ஆழத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தூண்டிலைத் தரைக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்திருக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இந்தப் பதிவு பிக்கரலுக்கு மட்டும். வால்ஐ என்று சொல்வதும் இதைத்தான். பொன்னும் பாசியும் கலந்த நிறம், பெரிய கலங்கலான கண், வாலின் கீழ் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு. முள் குறைவு, சதை வெள்ளை, பொரித்தால் வேறு எதுவும் கேட்காது. பாஸ், பைக் போன்ற மற்ற மீன்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: உரிமம்

18 வயதிலிருந்து 64 வயதுவரை இருந்தால் அவுட்டோர்ஸ் கார்டும் (மாகாண அரசு தரும் அட்டை) மீன்பிடி உரிமமும் வேண்டும். கனடாவில் வசிக்கும் சிறுவர்களுக்கும் 65 தாண்டியவர்களுக்கும் உரிமம் தேவையில்லை, அடையாள அட்டை போதும். ஆனால் ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பாவுக்கு எழுபது வயதானாலும் வெளிநாட்டவருக்கான உரிமம் எடுத்தாக வேண்டும். இது பலருக்குத் தெரிவதில்லை, அதிகாரி படகருகே வந்து கேட்கும்போதுதான் தெரியவரும்.

உரிமத்தில் இரண்டு வகை. ஸ்போர்ட் எடுத்தால் பல மண்டலங்களில் 4 பிக்கரல் வைத்துக்கொள்ளலாம், கன்சர்வேஷன் எடுத்தால் 2. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டாவதே தாராளம். மாகாணத்தை 20 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், சீசனும் அளவும் மண்டலத்துக்கு மண்டலம் மாறும். வடக்கே பல இடங்களில் மே மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை பிக்கரல் சீசன் தொடங்குகிறது, 46 சென்டிமீட்டருக்கு மேல் ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்ற விதியும் பரவலாக உண்டு. நிப்பிசிங் போன்ற ஏரிகளுக்குத் தனி விதி. ஆகவே உங்கள் ஏரியின் பெயரை அந்த ஆண்டின் விதிமுறைத் தொகுப்பில் தேடிப் படித்துவிட்டுக் கிளம்புங்கள், பக்கத்து காட்டேஜ்காரர் சொன்னதை நம்பிப் போகாதீர்கள்.

படி 2: என்ன வாங்குவது

ஆறரை அடி நீளத்தில், மீடியம் லைட் அல்லது மீடியம் என்று எழுதியிருக்கும் ஸ்பின்னிங் ராட் ஒன்று. நுனி மட்டும் வளைந்து அடிப்பகுதி விறைப்பாக இருக்க வேண்டும், அப்போதுதான் மீன் தொடுவது கைக்குத் தெரியும். அதற்கு நரம்பைச் சுற்றிவைக்க 2500 அளவு ரீல். நரம்பு, அதாவது தூண்டில் இழை, 8 பவுண்டு தாங்கும் மோனோ (ஒற்றை நைலான் இழை). பல இழை பின்னிய பிரெய்டு நரம்பில் உணர்வு இன்னும் நன்றாகத் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் அது காற்றில் சிக்கல் போட்டால் பிரித்தெடுப்பதற்குள் சூரியன் இறங்கிவிடும்.

அடுத்தது ஜிக். தூண்டில் முள்ளின் கழுத்தில் ஈயக்குண்டு வார்த்துச் சேர்த்திருக்கும், அவ்வளவுதான் பொருள். அவுன்ஸில் எட்டில் ஒரு பங்கு (3.5 கிராம்) கொஞ்சமும் கால் அவுன்ஸ் (7 கிராம்) கொஞ்சமும் வாங்குங்கள். பத்தடிக்குள் சின்னது, அதற்கு மேல் ஆழமோ காற்றோ இருந்தால் பெரியது. ஒரு டஜனாவது வேண்டும், ஏனென்றால் அங்கே அடியில் முழுக்கப் பாறை, தரையைத் தொட்டு மீன் பிடிப்பவன் ஜிக்கை இழக்கத்தான் செய்வான். முடிந்தால் டங்ஸ்டன் ஜிக் எடுங்கள், விலை கூடுதல்தான். ஆனால் ஈயத்தை விழுங்கும் லூன் பறவைகள் செத்துப்போகின்றன, தேசியப் பூங்காக்களுக்குள் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத் தூண்டில்களுக்கு 1997 முதல் தடையே இருக்கிறது.

இரைக்கு மண்புழு, அட்டை, அல்லது மூன்று அங்குல ரப்பர் மீன். உயிருள்ள சிறு மீனோ அட்டையோ வேண்டுமென்றால் ஏரிக்குப் பக்கத்துக் கடையிலேயே வாங்கி ரசீதைப் பையில் வையுங்கள், இரைக்கென்று தனியாகப் பிரித்திருக்கும் மண்டலம் விட்டு மண்டலம் கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு. மிஞ்சியதை ஏரியில் கொட்டவே கூடாது. அல்கோன்குவின் பூங்காவில் உயிருள்ள சிறு மீனுக்கே அனுமதி கிடையாது.

நீள்மூக்கு இடுக்கி, கைவலை, நரம்பு வெட்ட ஒரு நகவெட்டி. படகில் ஏறினால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், அதுவும் போட்டுக்கொண்டு. மே மாதத்து ஏரித் தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் மூச்சு அடைத்துவிடும்.

படி 3: முடிச்சு

ஜிக்கின் காதில் நரம்பைக் கோத்து ஒரு சாண் இழுத்துக்கொள்ளுங்கள். அந்த நுனியை ரீலிலிருந்து வரும் மெயின் நரம்பின்மேல் ஐந்தாறு சுற்று சுற்றி, காதை ஒட்டி உண்டாகியிருக்கும் சின்ன வளையத்துக்குள் விட்டு, அதனால் உண்டான பெரிய வளையத்துக்குள்ளும் விடுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும். காய்ந்த நரம்பை இழுத்தால் உராய்வுச் சூட்டில் முடிச்சு பலவீனப்பட்டு, மீன் வரும் நேரத்தில் அறுந்துவிடும். கட்டியபின் வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள், நின்றால் நல்லது, அவிழ்ந்தால் மறுபடி கட்டுங்கள்.

படி 4: எப்போது, எங்கே

பிக்கரலின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது, பூனைக்கு இருப்பதுபோல. மங்கிய வெளிச்சத்தில் அதற்கு இரை தெரியும், இரைக்கு அது தெரியாது. அதனால் விடியலிலும் மாலை மயங்கும் நேரத்திலும் அது வேட்டையாடும், உச்சி வெயிலில் ஆழத்துக்குப் போய்விடும். மேகமூட்டமாக, காற்றடித்துச் சின்ன அலை எழும்பும் நாள் இன்னும் நல்லது. கண்ணாடிபோல் அமைதியான நண்பகலில் போட்டோ எடுங்கள், தூக்கம் போடுங்கள்.

சீசன் தொடங்கும் மே பிற்பாதியில் முட்டையிட்டு முடித்த மீன்கள் ஓடைகள் ஏரியில் கலக்கும் இடங்களைச் சுற்றி ஐந்திலிருந்து பன்னிரண்டு அடியில் நிற்கும். ஜூலையில் தண்ணீருக்குள் நீட்டியிருக்கும் பாறை முனைகள், மூழ்கிக் கிடக்கும் திட்டுகள், நீர்ச்செடிகள் முடிகிற விளிம்பு. பதினைந்திலிருந்து இருபத்தைந்து அடி. எந்தப் பக்கம் காற்று வந்து மோதுகிறதோ அந்தக் கரையை முதலில் பாருங்கள், கையில் வரைபடம் இல்லாவிட்டாலும் இந்த ஒன்று பெரும்பாலும் கைவிடாது.

படி 5: தரையைத் தொடுவது

இதை நிதானமாகப் படியுங்கள். ஜிக்கை எறிந்து, அது தண்ணீரில் விழுந்ததும் ரீலின் வளைகம்பியை (மூடினால் நரம்பு ஓடாமல் நிறுத்தும் கம்பி) மூடாமல் நரம்பை மட்டும் பாருங்கள். ஜிக் இறங்க இறங்க நரம்பு ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று தளர்ந்து தண்ணீர்மேல் சுருண்டு படியும். அதுதான் தரை. இப்போது கம்பியை மூடி, தொய்வைச் சுற்றி எடுத்து, ராட் நுனியை ஒரு முழ உயரத்துக்குத் தூக்குங்கள். பிறகு இறக்குங்கள். இறக்கும்போது நரம்பு முழுக்கத் தொய்ந்துவிடாமல் ஜிக்கோடு கூடவே நுனியும் கீழே போக வேண்டும், ஏனென்றால் பிக்கரல் பெரும்பாலும் ஜிக் விழும்போதுதான் வாய் வைக்கும். கீழே தட்டென்று தொட்டதும் இரண்டு நொடி விட்டு மறுபடி தூக்குங்கள். தரை தட்டுப்படவே இல்லையென்றால் ஜிக் எடை போதவில்லை. ஒவ்வொரு முறையும் பாறையில் மாட்டினால் எடை அதிகம்.

கடி எப்படியிருக்கும் என்று எல்லாரும் கேட்பார்கள். வெடுக்கென்று இழுக்கும் என்று காத்திருக்காதீர்கள், பல நேரம் விரலால் நரம்பைச் சுண்டினாற்போல ஒரே ஒரு 'டிக்', அல்லது தூக்கும்போது ஈரத்துணியைத் தூக்குவதுபோல் ஒரு கனம். வலது கை ஆட்காட்டி விரலை நரம்பில் லேசாக வைத்திருந்தால் தெரியும். சந்தேகமாக இருந்தாலும் மணிக்கட்டால் மேல்நோக்கி ஒரு சுண்டு. செடியாக இருந்தால் போகிறது.

மாட்டியபின் நரம்பைத் தொய்யவிடாமல் நிதானமாகச் சுற்றுங்கள். ரீலில் இருக்கும் டிராக் திருகை முன்கூட்டியே, கையால் பலமாக இழுத்தால் நரம்பு வழுக்கி ஓடும் அளவுக்குத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். கத்தியால் அறுத்தாற்போல் சட்டென்று நரம்பு போய்விட்டதா? அது பைக், பல் அப்படி. அங்கேயே பைக் தொடர்ந்து கடித்தால் ஜிக்குக்கு முன்னால் ஒரு ஸ்டீல் லீடர் (எஃகுக் கம்பித்துண்டு) சேர்த்துக்கொள்ளலாம்.

படகு இல்லாதவர்களும் குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களும் டாக்கிலிருந்து (படகுத்துறை) வழுக்குத் தக்கை, அதாவது நரம்பில் வழுக்கி நகரும் மிதவை, போடலாம். நரம்பில் ஒரு தடுப்பு முடிச்சு, பாசிமணி, தக்கை, சின்ன ஈயம், முள்ளில் ஒரு அட்டை. தடுப்பு முடிச்சை நகர்த்தி இரை தரைக்கு ஓரடி மேலே நிற்கும்படி வைத்துவிட்டு, மாலையில் உட்கார வேண்டியதுதான்.

படி 6: மீன் கைக்கு வந்தபின்

கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், முதுகுச் சிறகு முள்ளும் செவுள் மூடியின் ஓரமும் கையைக் கிழிக்கும். விடப்போகிற மீன் என்றால் தண்ணீரிலேயே வைத்து இடுக்கியால் தூண்டில் முள்ளை எடுத்து விடுங்கள். முப்பது அடிக்கு மேல் ஆழத்திலிருந்து வந்த மீன் அழுத்த மாற்றத்தால் வயிறு உப்பிப் பிழைக்காமல் போகலாம், எனவே பிடித்து விடுகிற எண்ணத்தில் அவ்வளவு ஆழத்தில் போடாதீர்கள்.

வீட்டுக்கு எடுப்பதாக இருந்தால் சின்னதை எடுங்கள். பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெட்டைகள், பாதரசமும் அவற்றில்தான் அதிகம் சேரும். எந்த ஏரியில் எந்த நீள மீனை மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசின் மீன் உணவு வழிகாட்டியில் ஏரிவாரியாகப் போட்டிருக்கிறது, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தனிக் கணக்கு. காட்டேஜிலேயே துண்டம் போட்டால் ஒவ்வொரு துண்டத்திலும் கொஞ்சம் தோலை விட்டு, எண்ணிப் பார்க்கும்படி தட்டையாகப் பையில் அடுக்கிக் கொண்டுவாருங்கள். வழியில் நிறுத்தினால் எந்த மீன், எத்தனை என்று அதிகாரிக்குத் தெரிய வேண்டும், மொத்தமாக உறையவைத்த ஒரே கட்டியில் அது தெரியாது.