பழைய காரில் பெட்ரோல் கோளாறா? கார்புரேட்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

வண்டி திக்கித் திக்கி ஓடினாலும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தாலும், பலருக்கும் கை முதலில் போவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரிடம்தான். வரிசையில் கடைசியாக இருக்கும் பாகத்தை முதலில் கழற்றுவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. டேங்க், அதன் மூடி, குழாய், ஃபில்டர், பம்ப் எல்லாவற்றையும் தாண்டித்தான் பெட்ரோல் அங்கே வந்து சேர்கிறது. எங்கே தடைபடுகிறது என்று பார்க்காமல் ஸ்க்ரூவைத் திருகினால், இருக்கும் கோளாறோடு சரியாக இருந்த ட்யூனிங்கும் கெட்டுப்போகும்.

அதற்கும் முன்பு, இது பெட்ரோல் கோளாறுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் இக்னிஷன் பக்கத்தில் பாயிண்ட் இடைவெளி குறைந்தாலும், கண்டென்சர் பழுதானாலும், தீப்பொறி விழும் நேரமான டைமிங் தள்ளிப்போனாலும், பெட்ரோல் போதாத வண்டி போலவே இழுவை குறையும். எல்லா பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் பெரும்பாலும் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் காற்று அதிகம். ஒரே கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் ஒரு பிளக் மட்டும் வேறு நிறத்தில் இருந்தால், கார்புரேட்டரை விட்டுவிட்டு அந்த சிலிண்டரின் ஸ்பார்க், கம்ப்ரஷன், பக்கத்து மேனிஃபோல்ட் (கலவையை சிலிண்டருக்குக் கொண்டுபோகும் குழாய்) கேஸ்கெட் ஆகியவற்றைப் பாருங்கள்.

சில கிலோமீட்டர் நன்றாக ஓடி நின்று, கொஞ்ச நேரம் கழித்துத் தானே கிளம்பும் வண்டிகள் உண்டு. இதற்காகப் பம்பையே மாற்றிவிடுகிறார்கள். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போனால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாமல் போகிறது. மூடியில் குறை இல்லையென்றால், எஞ்சினை அணைத்த நிலையில் ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் வால்வு) கையால் இழுங்கள். ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டரில் பெட்ரோல் பீய்ச்சி அடித்தால், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. அப்போது, சூடானால் படுத்துவிடும் இக்னிஷன் காயில் மீது சந்தேகம் திரும்ப வேண்டும்.

டேங்கிலிருந்து எஞ்சின் மீதுள்ள மெக்கானிக்கல் பம்ப் வரை வரும் குழாய் உறிஞ்சும் பக்கம். அந்த ஹோஸில் விரிசல் விட்டால் பெட்ரோல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே புகுந்துவிடும். ஒழுகல் இல்லை, அதனால் ஹோஸ் நல்லது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் சீக்கிரம் கெட்டுப்போகும்.

மெக்கானிக்கல் பம்புக்குள் பெட்ரோலைத் தள்ளும் சவ்வான டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்து, பெட்ரோல் வாடையும் அடித்தால் வண்டியை ஓட்டவே கூடாது. ஆயில் நீர்த்துப் பேரிங் போய்விடும். பம்பை மட்டும் மாற்றிவிட்டு ஆயிலை அப்படியே விடுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும்.

மெக்கானிக்கல் பம்புக்குப் பதிலாகக் கையில் கிடைத்த எலெக்ட்ரிக் பம்பைப் பொருத்துவது ஆபத்து. கார்புரேட்டருக்கு 3 முதல் 6 பி.எஸ்.ஐ. (டயர் காற்றை அளக்கும் அதே அலகு) அழுத்தம் போதும். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டியின் பம்ப் 40 பி.எஸ்.ஐ.க்கு மேலும் தரும். கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. பெட்ரோல் பொங்கி, சூடான மேனிஃபோல்ட் மீது வழியும்.

கடைசியில் கார்புரேட்டரைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், பெட்ரோல் அளவாகப் போகும் சிறு துளையுள்ள ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது. ஜெட்டின் அளவே மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் இருக்கும்போது, ஒரு கீறலே மிக்ஸரை (பெட்ரோல்-காற்றுக் கலவை) மாற்றிவிடும். கிளீனரில் ஊறவைத்து, கண்ணாடி அணிந்துகொண்டு காற்றடித்தால் போதும். மிக்ஸர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அது எத்தனை சுற்று உள்ளே போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். அடியில் தொட்டவுடன் நிறுத்துங்கள், இறுக்கினால் ஊசி முனை நசுங்கும். ஓவர்ஃப்ளோ இருந்தால், கிண்ணத்தில் மிதந்து நீடில் வால்வை மூடும் ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஃப்ளோட் ஓட்டை. வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழ் வரும் இடம் தெரியும்.

பழைய இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் அழுத்தத்தை கேஜ் வைத்து அளக்காமல் பம்பை மாற்றுவதுதான் அதிகம் நடக்கும் வீண்செலவு. பம்ப் ஓடும்போதே அதன் இரு முனைகளிலும் வோல்டேஜைப் பாருங்கள். பேட்டரியைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் துருப்பிடித்த எர்த்தையோ தேய்ந்த ரிலேயையோ சந்தேகிக்கலாம். பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. லைனைத் திறக்கும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தைக் குறையுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். சர்வீஸ் குழிக்குள் நின்று டேங்க் லைனைக் கழற்றாதீர்கள். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சின் மீது கார்ப் கிளீனர் அடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், அது தீப்பிடிக்கும் பொருள். புகையைச் செலுத்தி அது வெளிவரும் இடத்தைப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் அதைவிடப் பாதுகாப்பானது.

ஃபில்டர் மாற்றிய சில நாட்களிலேயே மீண்டும் பழுப்புத் தூள் நிறைந்தால், டேங்குக்குள் துரு இருக்கிறது. டேங்கை இறக்கிக் கழுவும்வரை எத்தனை ஃபில்டர் போட்டாலும் அடைப்பு நிற்காது. புது ஃபில்டரைப் பொருத்தும்போது அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும்.