சேலத்தில் தூண்டில் பழகுகிறீர்களா? முள்ளை வீசும் முன் செய்ய வேண்டியவை

"தூண்டில் பழகணும், எந்த ராடு வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்தத் தண்ணியில போடப் போறீங்க?" ராடும் ரீலும் ஒரு மணி நேரத்தில் வாங்கிவிடலாம். தண்ணீரைத் தெரிந்துகொள்ளத்தான் நாளாகும். ஆகவே, மேட்டூர், ஓமலூர், எடப்பாடி, ஏற்காடு என்று நம் பக்கத்தில் பொழுதுபோக்காக மீன் பிடிக்க ஆரம்பிப்பவர்கள் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

படி 1: தண்ணீர் யாருடையது என்று கேளுங்கள்

இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நான் செய்யவில்லை.

தூண்டில் பிடித்த முதல் வருடம், ஓமலூர் பக்கம் ஓர் ஏரிக்குப் போனேன். வேலி இல்லை, பலகை இல்லை, கரையில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் முக்கால் கிலோ இருக்கும், ஒரு கட்லா மாட்டியது. அதைப் பைக்குள் போடும்போது கரைமேல் ஒரு பெரியவர் மொபெட்டை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, இது ஏலம் எடுத்த ஏரி. குஞ்சு வாங்கி விட்டு ஆறு மாசம்தான் ஆச்சு. இன்னும் கொஞ்ச நாள் விட்டாத்தான் இது காசு" என்றார். நான் பணத்தை நீட்டினேன். மீனுக்கு உண்டானதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். நான் பொழுதுபோக்கு என்று நினைத்துப் பிடித்தது அவருடைய முதலீடு. அன்றைக்குத்தான் அது உறைத்தது.

நம் மாவட்டத்து ஏரி, குளங்களில் பலவற்றை ஆண்டுக்கணக்கில் மீன்பாசி ஏலம், அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், விடுகிறார்கள். ஏரி ஊராட்சியிடம் இருக்கலாம், நீர்வளத் துறையிடம் இருக்கலாம். யார் ஏலம் எடுத்திருக்கிறார்கள் என்பது ஊராட்சி அலுவலகத்திலும் தெரியும், கரையோர டீக்கடையிலும் தெரியும். எடுத்தவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். சிலர் சும்மாவே விடுவார்கள், சிலர் ஒரு தொகை சொல்வார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

மேட்டூர் அணை வேறு கணக்கு. ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் மீன்வளத் துறை குஞ்சு விடுகிறது. உரிமம் வாங்கிய மீனவர்கள் பரிசலில் போய் வலை போட்டுப் பிழைக்கிறார்கள். மேட்டூரிலேயே மீன்வள உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. எந்தப் பக்கம் தூண்டில் போடலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்பதை அங்கே ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள். அங்கே மீன்பிடிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: தண்ணீர்மேல் வரிசையாக மிதவைகள் தெரிந்தால் கீழே வலை கிடக்கிறது. உங்கள் முள் அந்த வலையில் சிக்கினால் அறுக்க வேண்டியது உங்கள் தூண்டில் நரம்பை, அவர்கள் வலையை அல்ல. பத்து ரூபாய் முள்ளை மீட்கிறேன் என்று இழுத்து, ஒரு குடும்பத்தின் வலையில் கையளவு ஓட்டை போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதைவிடக் கோபம் வருகிற விஷயம் வேறு இல்லை.

படி 2: காட்டு எல்லையைப் பாருங்கள்

ஏற்காடு மலைச் சரிவில் பெரும் பகுதி காப்புக்காடு. ஓடை அழகாக இருக்கிறது, குட்டையில் மீன் துள்ளுகிறது என்று உள்ளே இறங்கிவிடக் கூடாது. 1882-ம் ஆண்டு வனச் சட்டப்படி, காப்புக்காட்டுக்குள் விதியை மீறி வேட்டையாடுவது எப்படிக் குற்றமோ, அப்படித்தான் மீன் பிடிப்பதும், தண்ணீரில் நஞ்சு கலப்பதும். ஏற்காடு ஏரி படகுக்கும் சுற்றுலாவுக்கும் உள்ள இடம். அங்கேயும் கேட்காமல் தூண்டிலை எடுக்க வேண்டாம்.

மேட்டூருக்கு மேலே, ஒகேனக்கல் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. 2022 நவம்பரில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது. நீர்நாய், முதலை, மென் ஓட்டு ஆமை எல்லாம் வாழ்கிற ஆறு அது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்த மூன்றுமே முதல் அட்டவணையில் இருக்கின்றன. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். தூண்டிலோடு நுழைந்தால் சொல்லவே வேண்டாம்.

வெளியிலும் ஆமை முள்ளில் மாட்டும், குறிப்பாக ஏரிகளில் புழு போட்டால். பதறி இழுக்காதீர்கள். ஓட்டின் பின்பக்கமாகப் பிடித்து, முள் தெரிந்தால் குறடால் கழற்றுங்கள். விழுங்கியிருந்தால் வாயோரம் நரம்பை அறுத்துத் தண்ணீரில் விட்டுவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோவது, வளர்ப்பது, விற்பது எல்லாமே குற்றம்.

படி 3: மாதத்தைப் பாருங்கள்

ஆனி, ஆடியில் கர்நாடகத்து மழை காவிரியில் புதுத் தண்ணீராக வரும். கெண்டை இனங்கள் சினையோடு எதிர்நீச்சல் போட்டு ஏறுவது அப்போதுதான். ஓடையும் ஆறும் சேருகிற இடங்கள், மதகடி, சிறு தடுப்பணையின் கீழ்ப்பக்கம் என்று மீன் குவிந்து நிற்கும். பிடிப்பது மிகச் சுலபம். அதனாலேயே அந்த இடங்களில் அந்த வாரங்களில் தூண்டில் போடாதீர்கள் என்கிறேன். வயிறு பருத்த ஒரு சினை மீனில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும்.

உயிருக்கும் இதே மாதங்கள்தான் ஆபத்து. குறுவைப் பாசனத்துக்கு ஜூன் 12-ல் அணை திறப்பது வழக்கம். மழை வலுத்து நீர்மட்டம் 120 அடியைத் தொட்டால் 16 கண் மதகு வழியாக உபரி நீர் வரும். கீழே செக்கானூர், பூலாம்பட்டிக் கதவணைப் பக்கம் பாறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தண்ணீர் ஏறுவது சில நிமிடத்துக்கு முன்புதான் தெரியும். வெள்ள எச்சரிக்கை கொடுத்த நாளில் ஆற்றங்கரைக்கே போகாதீர்கள். அணையை ஒட்டியும் மின்நிலைய வாய்க்காலை ஒட்டியும் எந்த நாளும் வேண்டாம்.

இனி விரால். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

விரால் தன் குஞ்சைக் காவல் காக்கும் மீன். சரபங்கா ஆற்றில் ஒரு தேங்கலில் முதல்முறை பார்த்தேன். ஒரு தாம்பாளம் அகலத்துக்குத் தண்ணீர் செம்மஞ்சளாகத் தளதளத்தது. குனிந்து பார்த்தால் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள், கடுகு வெடிப்பதுபோல மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு இறங்குகின்றன. அடியில் கறுப்பாக ஒரு நிழல், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அந்தக் கூட்டத்தின் நடுவில் தவளை பொம்மையைப் போட்டால் பெரிய விரால் பசிக்காகக் கடிக்காது. குஞ்சை நெருங்கியதை விரட்டக் கடிக்கும். எல்லோரும் சொல்லித்தரும் "சுலப வழி" இதுதான். நானும் ஒருமுறை அப்படிப் பிடித்தேன். மறுநாள் அதே இடத்துக்குப் போனபோது ஜிலேபி மீன்கள் சுற்றி நின்றுகொண்டிருந்தன. செம்மஞ்சள் நிறம் ஒரு கைப்பிடி அளவுகூட இல்லை. அதற்கப்புறம் குஞ்சுக் கூட்டத்தைப் பார்த்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு இடம் போய்விடுகிறேன். நீங்களும் போய்விடுங்கள். இதற்குச் சட்டப் பிரிவு தேடத் தேவையில்லை.

படி 4: சாமான்

நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு அடி ராடு, சின்ன ரீல், தக்கை, கொஞ்சம் ஈயக்குண்டு போதும். முள் வாங்கியதும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன முனையைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள். மீனைத் திருப்பி விடும்போது முள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். உங்கள் விரலில் ஏறினாலும் அப்படியே. நரம்பைத் தளர விடாமல் இழுத்தால் மீன் தப்பாது.

இரைக்கு மண்புழு, மைதா உருண்டை, ராகிக் களி. உயிர் மீனை ஓர் ஏரியில் பிடித்து இன்னோர் ஏரிக்கு இரையாகக் கொண்டுபோகாதீர்கள். வேண்டாத மீன் புதுத் தண்ணீருக்குள் நுழைவதற்கு அதுவும் ஒரு வழி.

படி 5: மீன் மாட்டிய பிறகு

வைத்துக்கொள்வதா, விடுவதா என்பதை மீன் தண்ணீரில் இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். விடுவதானால்:

முதலில் இரண்டு கையையும் நனையுங்கள். மீன் உடம்பின் வழுவழுப்புதான் அதற்குத் தோல் காவல். காய்ந்த கை பட்டால் அது கழன்று, அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். போட்டோவுக்காகக் கரைப் பாறையில் கிடத்தாதீர்கள். சித்திரை வெயிலில் அந்தப் பாறையில் நாம் வெறுங்காலை வைக்க முடியாது. செவுளுக்குள் விரல் விட்டுத் தூக்குவதும் கூடாது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு: மீனைத் தண்ணீரிலிருந்து எடுக்கும்போது நானும் மூச்சை அடக்கிக்கொள்வேன். எனக்கு முட்டினால் அதற்கும் முட்டுகிறது என்று கணக்கு. முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாதீர்கள், நரம்பை ஒட்ட அறுத்துவிடுங்கள்.

விடும்போது தூக்கி எறியக் கூடாது. வயிற்றுக்குக் கீழே கையைக் கொடுத்து, தலை நீரோட்டத்தைப் பார்க்கும்படி பிடித்திருங்கள். செவுள் சீராகத் திறந்து மூடும். வால் ஒரு வெட்டு வெட்டும். அப்போது கையை எடுங்கள்.

படி 6: எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் திருப்பி விடவே கூடாது

ஒரு வேளைக் குழம்புக்கு எவ்வளவோ அவ்வளவு. ஜிலேபி தாராளமாக எடுக்கலாம். 1952-ல் இந்தியாவுக்குள் வந்த மீன் அது, நம் ஊர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் பாவம் பார்த்துத் திருப்பி விடாதீர்கள். அதை வளர்க்கவே 2000-ம் ஆண்டு மத்திய அரசு தடை போட்டது. கண்ணாடித் தொட்டியிலிருந்து தப்பி வந்த சக்கர் மீனும் அப்படித்தான். பிடித்தால் கரையோடு சரி.

நேர்மாறாக, காவிரியில் பெரிய செதிலும் முதுகில் கூனும் ஆரஞ்சுத் துடுப்பும் உள்ள மஹ்சீர் மாட்டினால், உங்கள் கையில் இருப்பது காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத மீன். 2018-ல் அதை மிக அருகிய இனமாக அறிவித்தார்கள். கரையேற்றாமல், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள்.

படி 7: தோட்டா, மருந்து, கரண்ட் பார்த்தால்

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். தோட்டா, அதாவது வெடி, போட்டு மீன் பிடிப்பதும், தண்ணீரில் நஞ்சோ சுண்ணாம்போ கலந்து பிடிப்பதும் 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்தின் 4, 5-ம் பிரிவுகளின்படி குற்றம். பிளீச்சிங் பவுடரும் மீனை மயக்கும் மருக்காரைக் காயும் இதில்தான் சேரும். சட்டம் எழுதியபோது வைத்த தண்டனை இரண்டு மாதச் சிறை, அல்லது 200 ரூபாய் அபராதம் வரை. அந்தக் காலத்தில் 200 ரூபாய் சின்னத் தொகை அல்ல. தோட்டா போட்டால் மிதப்பதைவிட அடியில் செத்துக் கிடப்பதுதான் அதிகம், குஞ்சு முட்டையெல்லாம் சேர்த்து. மின்கம்பியில் கொக்கி போட்டுத் தண்ணீரில் கரண்ட் விடுகிறவர்கள் மின் திருட்டுக் குற்றத்தையும் சேர்த்துச் செய்கிறார்கள். மீன் மட்டுமல்ல, ஆளும் சாகிறான்.

நீங்களே போய்ச் சண்டை போடாதீர்கள். முதலில் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். இடம், நேரம், வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு 112-க்குக் கூப்பிடுங்கள். காட்டுப் பகுதியானால் வனச்சரக அலுவலகம், அணைப் பகுதியானால் மேட்டூர் மீன்வள அலுவலகம். கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்லலாம்.

உங்களையே நிறுத்திக் கேட்டாலும் முறைக்காதீர்கள். அதே சட்டத்தின் 7-ம் பிரிவில் ஒரு விஷயம் இருக்கிறது: தன் கண்ணெதிரே குற்றம் செய்தவர் பெயர், முகவரி சொல்ல மறுத்தால், அல்லது சொன்னது பொய் என்று பட்டால், போலீசார் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆகவே அடையாள அட்டையைப் பையில் வையுங்கள். பெயரைச் சொல்லுங்கள், கேட்டால் பிடித்த மீனைக் காட்டுங்கள். ஒளிக்க எதுவும் இல்லாதவருக்கு அது இரண்டு நிமிட வேலை.

அதிகாரிகள் ஒவ்வொரு கரையிலும் நிற்க முடியாது. நிற்பவர்கள் ஆடு மேய்ப்பவர்களும், பரிசல்காரர்களும், ஏலம் எடுத்தவர்களும்தான். அந்த ஓமலூர்ப் பெரியவரின் ஏரிக்கு இப்போது அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறேன். போன கோடையில் இரவு எட்டு மணிக்கு அவர்தான் போன் செய்தார், வடக்குக் கரையில் யாரோ டப்பாவில் எதையோ கலக்குகிறார்கள் என்று. நான் 112-க்கு அடித்தேன், அவர் டார்ச்சோடு ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கலக்க வந்தவர்கள் டப்பாவைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போனபோது அவரே கையைக் காட்டினார்: "மேற்கால போங்க தம்பி, அங்க கெளுத்தி நிக்குது. கட்லா மாட்டுனா மட்டும் விட்ருங்க."