ஈக்களை எண்ணி வரைந்த வரைபடம்: பழ ஈயின் ஜீனோமுக்குள் முதல் நடை

வாழைப்பழத்தை இரண்டு நாள் மேசையில் விட்டுவிட்டால் அதைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் வட்டமிடும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் இருக்கும் ஓர் இனத்துக்கு டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்று பெயர். மூன்று மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு குரோமோசோமில் மரபணுக்கள் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் இருக்கின்றன என்பதை மனிதர்கள் முதன்முதலில் கண்டுபிடித்தது இந்த ஈயை வைத்துத்தான். அப்போது டிஎன்ஏவின் வடிவம் யாருக்கும் தெரியாது. மரபணு எதனால் ஆனது என்பதும் தெரியாது. ஈக்களை எண்ணினார்கள், அவ்வளவுதான்.

அந்த முதல் வரைபடத்தை இன்று நாமே வரைந்து பார்க்கப் போகிறோம். ஒரு கிராஃப் தாள், பென்சில், கால்குலேட்டர், கடைசிப் படிக்கு மட்டும் இணைய இணைப்பு. இவை போதும். பத்தாம் வகுப்பு உயிரியல் ஞாபகம் இருந்தால் தாராளமாகப் பின்தொடரலாம்.

படி 1: ஐந்து ஈக்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வகம் இருந்தது. பால் புட்டிகளில் ஈ வளர்த்த சிறிய அறை அது. 1910-ல் அங்கே வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ தென்பட்டது. சாதாரண ஈக்கு செங்கல் சிவப்பில் கண் இருக்கும். அதன் பிறகு வேறு மாற்றங்களும் வரிசையாகக் கிடைத்தன. நமக்கு வேண்டியவை ஐந்து: மஞ்சள் உடல், வெள்ளைக் கண், செந்தூரக் கண், குட்டி இறக்கை, குறை இறக்கை.

பெயரிடும் வழக்கத்தை இங்கேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் குழப்பம் வராது. ஒரு மரபணு பழுதானால் ஈ எப்படித் தெரியுமோ, அதுவே அந்த மரபணுவின் பெயர். அதனால் 'வெள்ளை' என்ற மரபணு நன்றாக இருந்தால் கண் சிவப்பாக இருக்கும்.

இந்த ஐந்தும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. இது பெரிய வசதி. ஆண் ஈக்கு ஒரே ஒரு எக்ஸ், அதுவும் தாயிடமிருந்து வந்தது. எனவே மகனைப் பார்த்தாலே தாய் கொடுத்த எக்ஸில் என்ன இருந்தது என்று தெரிந்துவிடும். மறைத்து வைக்க அவனிடம் இன்னொரு எக்ஸ் இல்லை.

படி 2: கலப்பு எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரு தாய் ஈயை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு எக்ஸில் மஞ்சள் உடல், வெள்ளைக் கண் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. இன்னொரு எக்ஸ் முழுக்கச் சாதாரணமானது. முட்டை உருவாகும்போது இந்த இரண்டு எக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, சில சமயம் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். பாடப்புத்தகத்தில் இதைத்தான் குறுக்கே கலத்தல் என்கிறார்கள்.

மாற்றம் நடக்காவிட்டால் மகன்கள் இரண்டே வகை: மஞ்சள் உடலும் வெள்ளைக் கண்ணும் கொண்டவர்கள், முழுச் சாதாரணமானவர்கள். இரண்டு மரபணுக்களுக்கும் நடுவே துண்டு மாறினால் புது வகைகள் வரும்: மஞ்சள் உடலில் சிவப்புக் கண், சாதாரண உடலில் வெள்ளைக் கண். இவர்கள்தான் மறுசேர்க்கை ஈக்கள். மொத்தத்தில் இவர்கள் எத்தனை சதவீதம் என்பதே நமக்கு வேண்டிய எண்.

இன்னொரு விஷயம்: ஆண் பழ ஈயில் குறுக்கே கலத்தல் நடப்பதே இல்லை. எக்ஸ் மட்டுமல்ல, எந்தக் குரோமோசோமிலும் இல்லை. அதனால் கணக்கெல்லாம் தாயை வைத்துத்தான்.

நீங்கள் கல்லூரி ஆய்வகத்தில் நிஜமாகவே இதைச் செய்வதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. தாய் ஈ கன்னியாக இருக்க வேண்டும். பெண் ஈ ஒருமுறை சேர்ந்துவிட்டால் அந்த விந்தை உடலுக்குள் சேமித்து வைத்து நாட்கணக்கில் பயன்படுத்தும். 25 டிகிரி வெப்பத்தில், கூட்டிலிருந்து வெளிவந்த முதல் 8 மணி நேரம் வரைதான் நம்பலாம். புதிதாக வந்த பெண் ஈயை லென்ஸில் பாருங்கள். உடல் வெளிறி, இறக்கை சில சமயம் இன்னும் விரியாமல் மடிந்திருக்கும். வயிற்றின் பக்கவாட்டில், தோலுக்கு அடியில், ஒரு கரும்பச்சைப் புள்ளி தெரியும். கூட்டுப்புழுப் பருவத்துக் கழிவு இன்னும் வெளியேறாததால் வரும் புள்ளி அது. அதைப் பார்த்தால் தைரியமாக எடுக்கலாம். என் முதல் கலப்பை நான் அந்தப் புள்ளியைப் பார்க்காமல் அவசரத்தில் வைத்தேன். பத்து நாள் கழித்து வந்த மகன்களில் பாதி எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. பாட்டில்களை எல்லாம் கழுவி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

ஆணை அடையாளம் காண்பது சுலபம். வயிற்றின் நுனி கறுப்பு, உருவம் சற்றுச் சிறியது, முன்கால்களில் குட்டிச் சீப்பு போல ஒரு கறுப்பு வரி.

படி 3: நிஜ எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்

மார்கனின் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் என்ற இளநிலை மாணவர் இருந்தார். 1911-ல் ஒரு நாள் மார்கனோடு பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டு மரபணுக்கள் தூரத்தில் இருந்தால் அவற்றுக்கு நடுவே துண்டு மாறும் வாய்ப்பும் அதிகம், ஆகவே இந்தச் சதவீதத்தையே தூரமாக எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. கல்லூரிப் பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்து, இதே ஐந்து மரபணுக்களுக்கும் வரைபடம் போட்டுவிட்டார். 1913-ல் அது கட்டுரையாக வந்தது. அதிலிருந்த எண்கள் இவை. முதல் எண் மறுசேர்க்கை ஈக்கள், இரண்டாவது எண்ணிய மொத்த ஈக்கள்:

மஞ்சள் – வெள்ளை: 214 / 21,736
மஞ்சள் – செந்தூரம்: 1,464 / 4,551
மஞ்சள் – குறை இறக்கை: 260 / 693
வெள்ளை – செந்தூரம்: 471 / 1,584
வெள்ளை – குட்டி இறக்கை: 2,062 / 6,116
வெள்ளை – குறை இறக்கை: 406 / 898
செந்தூரம் – குட்டி இறக்கை: 17 / 573
செந்தூரம் – குறை இறக்கை: 109 / 405

ஒவ்வொன்றையும் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். முறையே 1.0, 32.2, 37.5, 29.7, 33.7, 45.2, 3.0, 26.9 என்று வர வேண்டும். ஒரு சதவீதம் மறுசேர்க்கை என்றால் ஒரு வரைபட அலகு. மார்கன் நினைவாக அதை சென்டிமார்கன் என்றும் சொல்வார்கள்.

நடுவில் ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கலாம். வெள்ளையும் செந்தூரமும் இரண்டுமே கண் நிறம் ஆயிற்றே, இரண்டும் ஒரே ஈயில் சேர்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? முடியாது. கண்ணில் நிறமே இல்லாதபோது செந்தூரம் மறைந்துவிடும். இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு எக்ஸில் வெள்ளையும் மற்றதில் செந்தூரமும் உள்ள தாயை வைத்துக் கலந்து, பிறக்கும் வெள்ளைக் கண் மகன்களை மொத்தமாக ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் இருப்பவர்களில் செந்தூரக் கண் என்றால் பழைய வகை, சாதாரணச் சிவப்பு என்றால் மறுசேர்க்கை. இந்த இரண்டுக்குள் சிவப்பின் சதவீதத்தைப் பார்த்தாலே விடை வந்துவிடும். பார்க்க முடியாத பாதியை விட்டுவிட்டாலும் விகிதம் மாறாது.

படி 4: வரிசையைக் கண்டுபிடியுங்கள்

முதலில் மூன்று மரபணுக்கள் மட்டும். மஞ்சள், வெள்ளை, செந்தூரம். மூன்று தூரங்களில் எது பெரியது? மஞ்சள் – செந்தூரம், 32.2. ஆகவே இவை இரண்டும் ஓரங்கள், வெள்ளை நடுவில். சாலையில் மூன்று ஊர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று கிலோமீட்டரை வைத்துச் சொல்வது போலத்தான்.

1.0-ஐயும் 29.7-ஐயும் கூட்டினால் 30.7 வருகிறது, நேரடிக் கணக்கோ 32.2. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இவை வேறு வேறு கலப்புகளில், வேறு வேறு ஈக்களை எண்ணி வந்தவை. இந்த அளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

அடுத்து குட்டி இறக்கை. செந்தூரத்திலிருந்து 3 அலகு. வெள்ளையிலிருந்து 33.7. வெள்ளையிலிருந்து செந்தூரத்துக்கு 29.7 தான், குட்டி இறக்கைக்கு அதைவிட அதிகம், அப்படியென்றால் செந்தூரத்தைத் தாண்டி வலப்பக்கம்.

குறை இறக்கையில் கொஞ்சம் நிதானம் வேண்டும். மஞ்சளிலிருந்து 37.5, ஆனால் வெள்ளையிலிருந்து 45.2. இதை மட்டும் பார்த்தால் குறை இறக்கை மஞ்சளுக்கு இடப்பக்கம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அப்படி இருந்தால் செந்தூரத்திலிருந்து 30-க்கும் மேல் வர வேண்டும், வருவதோ 26.9. வெள்ளைக்கும் செந்தூரத்துக்கும் நடுவிலும் இருக்க முடியாது, 45.2 அதற்கு இடம் தராது. எனவே வலது ஓரம்தான். இப்படிப்பட்ட இடங்களில் சின்னத் தூரத்தையே நம்புங்கள். நீண்ட தூரம் ஏமாற்றும். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 5: கோடு போடுங்கள், ஏமாற்றும் எண்ணைப் புரிந்துகொள்ளுங்கள்

கிராஃப் தாளில் ஒரு கோடு. இடது முனையில் மஞ்சளை 0 என்று வையுங்கள். வெள்ளை 1.0. செந்தூரம் 1.0 + 29.7 = 30.7. குட்டி இறக்கை 30.7 + 3.0 = 33.7. குறை இறக்கை 30.7 + 26.9 = 57.6. ஸ்டர்டிவன்ட் போட்ட வரைபடம் இதேதான்.

இப்போது இரண்டு முனைகளையும் பாருங்கள். வரைபடம் 57.6 என்கிறது, மஞ்சளையும் குறை இறக்கையையும் நேரடியாக எண்ணியபோது வந்தது 37.5. எங்கே போயிற்று மிச்சம்? முதல் காரணம், தூரம் நீளமாக இருந்தால் நடுவில் இரண்டு முறை துண்டு மாறலாம். ஒருமுறை மாறியதை இரண்டாவது மாற்றம் பழையபடி ஆக்கிவிடும். ஓரங்களில் உள்ள இரண்டு மரபணுக்களை மட்டும் பார்ப்பவருக்கு எதுவுமே நடக்காதது போலத் தெரியும். அந்த ஈயைப் பழைய வகையில் எண்ணிவிடுவோம். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் நேரடி எண்ணிக்கை 50 சதவீதத்தைத் தாண்டாது. இரண்டாவது, எண்ணியது 693 ஈக்கள் மட்டுமே. முதல் வரியில் இருக்கும் 21,736-ஐ மறுபடி பாருங்கள். ஒவ்வொன்றாக லென்ஸுக்கு அடியில் புரட்டிப் பார்த்த எண்ணிக்கை அது. எனக்கு இந்த அட்டவணையில் மிகப் பிடித்த எண்ணும் அதுதான்.

படி 6: இன்றைய ஜீனோமின் மேல் வைத்துப் பாருங்கள்

1930-களில் பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்கும் ராட்சதக் குரோமோசோம்களின் பட்டைகளை வைத்து இன்னொரு வரைபடம் வந்தது. மார்கன் குழுவைச் சேர்ந்த கால்வின் பிரிட்ஜஸ் 1935-ல் அதை 102 பிரிவுகளாகப் பிரித்தார். எக்ஸுக்கு 1 முதல் 20 வரை. 2000 மார்ச்சில் செலேரா நிறுவனமும் பெர்க்லி குழுவும் சேர்ந்து ஜீனோமின், அதாவது ஈயின் மொத்த டிஎன்ஏவின், எழுத்து வரிசையையே வெளியிட்டார்கள். ஏறத்தாழ 12 கோடி எழுத்துகள், சுமார் 13,600 மரபணுக்கள்.

இவை எல்லாம் ஃபிளைபேஸ் என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேடல் பெட்டியில் வெள்ளை மரபணுவின் ஆங்கிலப் பெயரை (white) தட்டி, மெலனோகாஸ்டர் இனத்துக்கான பக்கத்தைத் திறங்கள். அதே பக்கத்தில் மூன்று முகவரிகள் இருக்கும். 1-1.5 என்பது எண்ணிக்கை வரைபடம்: முதல் குரோமோசோம், அதாவது எக்ஸ், 1.5 அலகு. ஒரு எண்ணும் எழுத்தும் சேர்ந்திருப்பது பிரிட்ஜஸின் பட்டை முகவரி. எக்ஸ் என்று தொடங்கி நீண்ட எண்ணாக வருவது டிஎன்ஏவில் அது இருக்கும் இடம்.

அந்த நீண்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதைய பதிப்பில் மஞ்சள் சுமார் 3.6 லட்சமாவது எழுத்தருகே, வெள்ளை சுமார் 27.9 லட்சம், செந்தூரம் சுமார் 1.09 கோடி. வரிசை அப்படியே இருக்கிறது, நூறு ஆண்டுகளுக்குப் பிறகும். ஆனால் இடைவெளியைக் கணக்குப் போடுங்கள். மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு 24 லட்சம் எழுத்துகள், வெள்ளையிலிருந்து செந்தூரத்துக்கு 81 லட்சம். மூன்றரை மடங்குகூட இல்லை. ஈக்களை எண்ணியபோதோ ஏறக்குறைய 30 மடங்கு வந்தது.

எண்ணியவர் மேல் தவறில்லை. எக்ஸின் நுனியருகே குறுக்கே கலத்தல் மிகவும் குறைவு. அதனால் அங்கே 24 லட்சம் எழுத்துகள் வெறும் ஓர் அலகாகச் சுருங்கிவிடுகின்றன. குரோமோசோமின் நடுப்பகுதியில் துண்டு மாறுவது அதிகம், அங்கே வரைபடம் விரிகிறது. ஒரு பழ ஈ ஆய்வாளர் மரபணுவைத் தேடிப் போகும்போது இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது இதனால்தான்.

சரி, கடைசி வேலை. உங்கள் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு போட்டு, பத்து லட்சம் எழுத்துக்கு ஒரு கட்டம் என்று அளவு வையுங்கள். மூன்று மரபணுக்களை மேலே சொன்ன இடங்களில் குறியுங்கள். குட்டி இறக்கைக்கும் (miniature) குறை இறக்கைக்குமான (rudimentary) எண்களை ஃபிளைபேஸில் நீங்களே தேடி எடுங்கள். பிறகு மேல் கோட்டில் உள்ள ஒவ்வொரு மரபணுவையும் கீழே அதன் ஜோடியோடு பென்சிலால் இணையுங்கள். இடது ஓரத்தில், மேலே நெருங்கி நிற்கும் இரண்டு புள்ளிகளிலிருந்து இறங்கும் கோடுகள் கீழே விலகிப் போவதைக் காண்பீர்கள்.