கடலோரத்தில் பிளாட் வாங்குகிறீர்களா? ஹாலைக் கடைசியாகப் பாருங்கள்

ராமநாதபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல், தரைக்கு அடியில் இருக்கும் சம்ப், மொட்டைமாடித் தொட்டி, குழாய் லைன் எல்லாமே சேர்த்துப் பார்ப்போம். கீழக்கரை முதல் ராமேஸ்வரம் வரை அடுக்குமாடிகளுக்குள் நான் நுழைவது பெரும்பாலும் மோட்டார் ரூம் வழியாகத்தான். அதனாலேயே பிளாட் வாங்க நினைப்பவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுவார்கள். "காக்கா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்களேன்" என்று துபாயிலிருந்து குரல் வரும் (எங்கள் பக்கம் அண்ணனைத்தான் காக்கா என்போம்). போய் என்னென்ன பார்க்கிறேன் என்பதை எழுதி வைத்தால் நாலு பேருக்கு உதவும்.

வீட்டைக் காட்டும் நாளை விற்பவர்தான் குறிக்கிறார். முதலில் இதை மனதில் வையுங்கள். நம்ம கரையில் ஒரே கட்டடம் ஐப்பசி அடைமழையில் ஒரு மாதிரி இருக்கும், ஆனி ஆடிக் காற்றில் வேறு மாதிரி இருக்கும். தை, மாசியில் போனால் எந்த வீடும் நல்ல வீடுதான். சென்னை, கோவைப் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் மே மாதம் வருவார்கள். அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்தில் இறங்குதளம் பக்கத்துத் தெருக்கள் அப்போது அடங்கிக் கிடக்கும். தடை முடிந்ததும் அதே தெருவில் ஐஸ் லாரியும் மீன் வண்டியும் விடியும் முன்னால் ஹாரன் அடிக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஒன்றும் தொந்தரவில்லை. 'அமைதியான ஏரியா' என்று நம்பி வாங்கியவர்தான் தவித்துப்போவார்.

வருடம் முழுக்க வந்து பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது. ஆனால் நீங்கள் பார்க்காத மாதங்கள் கட்டடத்தில் அடையாளம் விட்டுவிட்டுத்தான் போயிருக்கும். அதைத் தேடுவதுதான் வேலை. ஹால் டைல்ஸ், மாடுலர் கிச்சன் இதெல்லாம் ஓடியா போகப்போகிறது? அதைக் கடைசியில் பார்க்கலாம்.

மொட்டைமாடியிலிருந்து ஆரம்பியுங்கள். பெரும்பாலும் புரோக்கர் மேலே வர மாட்டார், அதுவும் நல்லதுதான். தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பாருங்கள். கான்கிரீட் தொட்டியாக இருந்தால் கடல் காற்றும் உள்ளிருந்து கசியும் ஈரமும் சேர்ந்து முதலில் அரிப்பது அந்த இடத்தைத்தான். கம்பி துருப்பிடித்தால் பருத்துவிடும், பருத்த கம்பி மேலே இருக்கும் சிமெண்டைப் பிளந்து தள்ளும். ஆரம்பத்தில் கம்பி ஓடும் நேருக்கு மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும். அப்புறம் பழுப்புக் கறை, அப்புறம் சிமெண்டு பாளம் பாளமாக விழும். தொட்டி முடிந்ததும் சன்ஷேடு, பால்கனி, மாடிப்படியின் அடிப்பாகம். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடத்தில் 'டக்' என்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடத்தில் 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்கும். கட்டடம் முழுக்கப் பழைய பெயிண்டாக இருக்க, சன்ஷேடு அடியில் மட்டும் புதுப் பட்டி பூசியிருந்தால் அங்கேயே நின்று நன்றாகத் தட்டுங்கள்.

"கடக் காத்துன்னா துரு இருக்கத்தாண்ணே செய்யும்" என்பார் புரோக்கர். ஜன்னல் கிரில்லில் துரு இருந்தால் சரி, சுரண்டிப் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். தூணுக்குள்ளும் பீமுக்குள்ளும் இருக்கிற துருவுக்கு அந்தச் சமாதானம் செல்லாது. கடற்கரைக் காற்றுக்கு நேராக நிற்கும் கட்டடத்துக்கு எம் 30 என்ற வலுத் தரத்தில் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம்) வேண்டும் என்கிறது ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரவிதி. கட்டிக்கொண்டிருக்கும் கட்டடமானால் அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் தளத்தில் கிடக்கும், அதை எடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள். மணல் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். உப்பு மணலில் கட்டினால் கட்டடத்துக்குள் கடலையே வைத்துக் கட்டிய மாதிரிதான்.

எந்தத் திசை ஜன்னல் எந்தக் கடலைப் பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள். பாம்பன் பக்கம் தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள், வடக்கே பாக் நீரிணை பெண்கடல். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் எல்லாம் தெற்குக் கடல் ஊர்கள். வைகாசியிலிருந்து கச்சான் காற்று மாதக்கணக்கில் தென்மேற்கிலிருந்து அடிக்கும், மண்ணும் உப்பும் சேர்ந்து வரும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வாடைக்காற்றுக் காலத்தில்தான் சிரமம். அதனால் கீழக்கரையில் தென்மேற்குப் பார்த்த வீட்டில் ஏசி அவுட்டோர் யூனிட் எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது, அதன் தகடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஏசி வாங்கிய வருடத்தைக் கேட்டால், அந்தச் சுவர் எவ்வளவு உப்பு வாங்குகிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். ஏசியைப் பற்றிக் கேட்டால் யாரும் பொய் சொல்வதில்லை.

அடுத்தது தண்ணீர். இது என் தொழில், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

சமையலறைக் குழாயின் முனையில் சல்லடை மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கையால் திருகிக் கழற்றி உள்ளங்கையில் தட்டுங்கள். நல்ல தண்ணீர் வீடென்றால் ரெண்டு மணல் விழும். பட்டினம்காத்தான் பக்கம் பார்க்கப்போன ஒரு வீட்டில் வெள்ளை வெள்ளையாகக் கல்கண்டுத் தூள் போல உப்பு கொட்டியது, சல்லடையில் பாதி ஓட்டை அடைத்திருந்தது. வீட்டுக்கார அம்மா முந்தின வாரம்தான் குழாயைப் பளபளவென்று துடைத்திருக்கிறார். உள்ளே திருகிப் பார்ப்பார்கள் என்று நினைத்திருக்க மாட்டார், பாவம். ஷவரின் ஓட்டைகள், கெய்சர் இருந்தால் அதன் வெந்நீர் வேகம், பாத்ரூம் டைல்ஸில் வெள்ளைப் படலம் எல்லாம் அதே கதையைச் சொல்லும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்கிறது இந்தியத் தரநிர்ணயம். மூன்று இடத்தில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள்: போர் குழாய், சம்ப், சமையலறை. போரில் எக்கச்சக்கமாகக் காட்டி சமையலறையில் குறைவாகக் காட்டினால் காவிரித் தண்ணீரோ லாரித் தண்ணீரோ கலந்து ஓடுகிறது என்று அர்த்தம். அது தப்பில்லை. காவிரிக் கூட்டுக்குடிநீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, சம்பின் கொள்ளளவு அத்தனை நாளுக்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி. இதைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள். தரைத்தள வீட்டு அக்காவிடம் கேளுங்கள், தண்ணீர் வரும் சத்தத்துக்குத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பவர் அவர்தான்.

"போரை இன்னும் ஆழமாப் போட்டா நல்ல தண்ணி வந்துரும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மதுரைப் பக்கம் அது சரியாக இருக்கலாம். கடலோர மணலில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கும். அதனால்தான் இங்கே ஆழமில்லாத ஊற்றில் நல்ல தண்ணீரும், ஆழமான போரில் உவர்த் தண்ணீரும் வருவது சகஜம். அளவுக்கு மீறி உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும், அப்புறம் இறங்க வருடக்கணக்காகும். பக்கத்தில் பெரிய லாட்ஜோ ஐஸ் பிளாண்டோ போர் வைத்து இறைக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல சாட்சி அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் சங்கத்தின் கணக்கு நோட்டு. சும்மா கேளுங்கள், பல இடத்தில் காட்டுவார்கள். தண்ணீர் லாரிக்கு எந்த மாதம் எவ்வளவு கொடுத்தார்கள், மோட்டாருக்கு எத்தனை தடவை காயில் கட்டினார்கள் என்று அதில் இருக்கும். காயில் அடிக்கடி போகிறதென்றால் ஒன்று வோல்டேஜ் கோளாறு, இல்லை போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடுகிறது. ரெண்டுமே நாளைக்கு உங்கள் தலைவலி. எனக்கு வருமானம், அது வேறு.

மழையைப் பற்றி. மோட்டார் தரையில் இருக்கிறதா, முழங்கால் உயரத் திட்டின் மேல் இருக்கிறதா? கட்டடம் பழசு, திட்டு மட்டும் புதுசு என்றால் ஒரு மழையில் மோட்டார் முங்கியிருக்கிறது. ஈபி மீட்டர் பெட்டியைப் பிடுங்கி மேலே மாட்டியிருந்தாலும் அப்படித்தான். காம்பவுண்டுச் சுவரின் உட்பக்கம் பாசிக்கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். 2024 நவம்பர் 20-ஆம் தேதி ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எல்லாமே அன்று தண்ணீரில் நின்றன. "அன்னைக்கு இந்தத் தெருவுல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று தேதியைச் சொல்லிக் கேட்டால் டீக்கடைக்காரர் கையை வைத்தே உயரம் காட்டிவிடுவார். 'மழை பெய்தால் தண்ணீர் நிற்குமா' என்று பொதுவாகக் கேட்டால் 'அதெல்லாம் நிக்காது' என்றுதான் பதில் வரும்.

ராமநாதபுரம் டவுனில் என்றால் கண்மாயும் வரத்துக்காலும் எங்கே இருந்தன என்று வயதானவர்களிடம் விசாரியுங்கள். தண்ணீர் பழைய வழியை மறப்பதில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் செப்டிக் டேங்க் எங்கே, போர் எங்கே, கழிவுநீர் லாரி உள்ளே வர இடமிருக்கிறதா என்பதும் முக்கியம். நிலத்தடி நீர் மேலே இருக்கும் கரையில், கார்த்திகை மாதம் டேங்க் தானாகவே நிரம்பிவிடும்.

அக்கம்பக்கத்தை ஒரு விடிகாலையும் ஒரு ராத்திரியும் நடந்தே பாருங்கள், காரில் போனால் ஒன்றும் தெரியாது. ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்றும், ஏர்வாடியில் சந்தனக்கூடு அன்றும் உங்கள் கார் வெளியே எடுக்க முடியுமா என்று யோசியுங்கள். உச்சிப்புளிப் பக்கம் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத்தளம் இருக்கிறது, தலைக்கு மேல் ஹெலிகாப்டர் பறக்கும். தீவில் வாங்கினால் ஆத்திர அவசரத்துக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ராமநாதபுரத்தில்தான், பாம்பன் பாலம் தாண்டித்தான் வரவேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் நான் டவுனைத்தான் சொல்வேன்.

பத்திர விஷயத்தில் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள், நான் சொல்வது அவரிடம் கேட்க வேண்டியவை. 30 வருட வில்லங்கச் சான்றிதழ். தாய்ப்பத்திரத்தின் அசல், ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எந்த பேங்கில் தூங்குகிறது என்று கேளுங்கள். சர்வே எண் வக்பு, தேவஸ்தானம், புறம்போக்கு எதிலும் வரவில்லை என்று ஊர்ஜிதம் செய்ய வேண்டும். நம்ம மாவட்டத்தில் இதை விடவே கூடாது. கடலிலிருந்து 500 மீட்டருக்குள் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி இருக்கிறதா? அனுமதி வரைபடத்தில் எத்தனை மாடி, நிற்பது எத்தனை மாடி? எட்டு வீட்டோடு நிறுத்தினால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு வேண்டாம் என்று சின்ன பில்டர்கள் எட்டோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அப்படிப்பட்ட கட்டடத்தில் மற்ற காகிதங்களை இன்னும் கறாராகப் பாருங்கள்.

பிரிக்கப்படாத மனைப் பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் மண்ணில் உங்கள் வீட்டுக்கான பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். உப்புக் காற்றில் கட்டடத்துக்கு ஆயுசு குறைச்சல், மிஞ்சுவது மண்தான். 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அன்றைக்கு உங்கள் பேச்சு எடுபடுவது அந்தப் பங்கை வைத்துத்தான்.

விற்பவர் வெளிநாட்டில் இருந்தால் ரெண்டு விஷயம். பவர் பத்திரம் அங்கே இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்றதா, இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியதா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்றும் வேண்டும், அவர் இறந்துவிட்டால் பவர் செத்துவிடும். இன்னொன்று வருமான வரிப் பிடித்தம். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதம் பிடிப்போம். வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் தொகை எவ்வளவாக இருந்தாலும், அதைவிட அதிக வீதத்தில், வாங்குகிற நீங்கள்தான் பிடித்துக் கட்ட வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் முழுப்பணத்தையும் அனுப்பிவிடாதீர்கள்.

பழைய பிளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இதைத் தனியாக எடுத்து வையுங்கள். விலை பேசும்போது தட்டிப் பார்த்த சன்ஷேடு, மாற்ற வேண்டிய குழாய், கிரில் எல்லாவற்றுக்கும் ஒரு மேஸ்திரியிடம் எஸ்டிமேட் வாங்கி, எழுதின தாளைக் கையில் கொடுங்கள். வாயால் சொன்னால் பேரம், தாளில் கொடுத்தால் கணக்கு. பதிவுக்கு முந்தின நாள் சங்கத்திடம் பராமரிப்புப் பாக்கி இல்லை என்று கடிதமும், ஈபி, வீட்டுவரி கட்டிய ரசீதும் வாங்கிவிடுங்கள். அன்றைக்கே மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்துவிட்டு, மோட்டாரையும் ஒரு பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்.