பக்கத்துப் பள்ளியில் இடம் இல்லையா? முதலில் கணக்கெடுங்கள்

கூடுதல் இடம் கேட்டு ஆயிரம் கையெழுத்தோடு கல்வி அதிகாரிகளிடம் மனு கொடுத்தாலும், "சரி, எத்தனை இடம் குறைகிறது?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் மனு கிடப்பில் போய்விடும். அதனால் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள். குழந்தைக்கு ஒரு வரி: பிறந்த மாதம், ஆண்டு, கதவு எண், தெரு, விண்ணப்பித்த பள்ளிகள், கிடைத்த பதில்.

மூன்று பள்ளிகளில் விண்ணப்பித்த பிள்ளையை மூன்று முறை எண்ணிவிடுவதுதான் வழக்கமான தவறு. அது தெரிந்துவிட்டால் மொத்தக் கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

ஒன்றாம் வகுப்புக்கு 90 பிள்ளைகள், 60 இடங்கள் என்றால் குறைவது 30. அதாவது ஒரு வகுப்பறை, ஓர் ஆசிரியர். அதையே கேளுங்கள்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு உள்ள தூரத்தை வரைபடத்தில் நேர்க்கோடாக அளக்காதீர்கள். பிள்ளையோடு நடந்து பாருங்கள். ரயில் பாதையைக் கடக்க வேண்டுமென்றால் அதையும் எழுதுங்கள். நிதி ஒதுக்குவதற்கு முன்பே மனுவைக் கொடுங்கள். நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.