நயாகரா போகிறவர்கள் பஃபலோவில் பார்க்க வேண்டிய சுவர்

ஊரிலிருந்து வந்தவர்களுக்கு நயாகராவைக் காட்டிவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். அருவியிலிருந்து காரில் அரை மணி நேரத்தில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் வந்துவிடும். அங்கே சர்ச் தெருவும் பேர்ல் தெருவும் சேரும் முனையில் கேரண்டி கட்டடம் இருக்கிறது. 13 மாடி, 1896இல் கட்டி முடித்தது. வடிவமைத்தவர்கள் சிகாகோவின் ஆட்லர், சல்லிவன் இருவரும்.

காலையில் போங்கள். பேர்ல் தெருப் பக்கச் சுவர் கிழக்குப் பார்த்தது. சாய்ந்த வெயில் பட்டால்தான் சுவர் முழுக்க இருக்கும் பூவேலையின் மேடுபள்ளம் எழுந்து தெரியும். முதல் தடவை நாங்கள் சாயங்காலம் போய், ஏதோ செங்கல் நிறச் சுவர் என்று பார்த்துவிட்டு வந்தோம்.

எடுத்தவுடன் கிட்டே போக வேண்டாம். குறுக்கே இருக்கும் செயின்ட் பால் தேவாலயத்தின் ஓரமாக நின்று அண்ணாந்து பாருங்கள். ஜன்னல்களுக்கு நடுவே ஒல்லியான தூண்கள் நேராக மேலே ஓடும். உச்சியில் வட்ட ஜன்னல்கள், அவற்றைச் சுற்றிக் கொடிகள். பைனாகுலர் இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

அப்புறம் ரோட்டைக் கடந்து சுவரை ஒட்டி நில்லுங்கள். ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, "இத்தனையும் கையாலயா செதுக்குனாங்க?" என்றார். இல்லை, சுடுமண். முதலில் மாதிரி உரு ஒன்று செய்து, அதற்கு பிளாஸ்டர் அச்செடுத்து, களிமண்ணைக் கையால் அமுக்கி, காயவைத்துச் சூளையில் சுடுவார்கள். காய்ந்து வெந்து வருவதற்குள் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் சுருங்கிவிடும். அதனால் மாதிரியையே அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு சுடுமண் துண்டும் பின்பக்கம் குடைவாக இருப்பதால் கனம் குறைவு. பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் எஃகுச் சட்டம். சுடுமண் அதற்குச் சட்டை, தீப்பிடித்தால் கவசம்.

துண்டுகள் சேரும் இணைப்புக் கோடுகளைக் கண்டுபிடித்துவிட்டால் விளையாட்டு ஆரம்பம்: ஒரே அச்சு எங்கெங்கே திரும்ப வருகிறது என்று தேடுங்கள். அப்பா ஒரு இலையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் எண்ணினார். கட்டடத்தின் பின்பக்கத்தையும் எட்டிப் பாருங்கள், வெறும் செங்கல். முகப்புக்கு மட்டும் பெயின்ட் அடிக்கிற நம் ஆட்கள் மாதிரிதான்!

1974இல் தீப்பிடித்து, இடிக்கிற நிலைக்குப் போய், அமெரிக்க செனட்டராக இருந்த மொய்னிஹான் போன்றவர்கள் போராடிக் காப்பாற்றிய கட்டடம் இது. இன்றும் அலுவலகம்தான் நடக்கிறது. அதனால் வேலைநாளில் போய், வாசலில் கேட்டுக்கொண்டு உள்ளே நுழையுங்கள். லாபியின் வண்ணக் கண்ணாடிக் கூரையைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.