கேட்டைத் திறந்தால் பாயும் நாயைப் பழக்குவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் குடியிருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரர் காரில் வந்து ரிமோட்டை அமுக்குகிறார். கேட் உருளத் தொடங்குகிறது. கார் உள்ளே போவதற்குள் நாய் தெருவுக்கு வந்துவிடுகிறது. டாக்சி பிடிக்கப் போகிற ஒரு பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மதிலை ஒட்டி நிற்கிறார். வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கி, "ஒண்ணும் செய்யாது, பயப்படாதீங்க" என்கிறார். ஒண்ணும் செய்யாது என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

எங்கள் நாய் ராக்கி, பூர்புல் என்ற பெரிய காவல்நாய் இனத்தின் கலப்பு. இங்கே நடந்த 2021 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் எங்கள் தெருவில் பல வீடுகளில் காவலுக்கென்று பெரிய நாய்கள் வந்தன. எங்கள் வீட்டுக்கும் வந்தது. வளர்ந்தபோது கேட்டில் பாய்வதும், வெளியே கூட்டிப்போனால் இழுப்பதுமாக இருந்தான். இப்போது பள்ளிப் பிள்ளைகள் பக்கத்தில் போனாலும் அடங்கி நடக்கிறான். அதை எப்படிச் செய்தோம் என்பதைத்தான் எழுதுகிறேன். 'உட்கார்', 'வா' இரண்டும் உங்கள் நாய்க்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் சட்டம், சுருக்கமாக

தென்னாப்பிரிக்காவில் 1993ஆம் ஆண்டின் ஒரு திருத்தச் சட்டப்படி, உங்கள் கவனக்குறைவால் உங்கள் நாய் ஒருவரைக் காயப்படுத்தினால் அது குற்றம். அபராதம் விதிக்கலாம், இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு. நஷ்டஈட்டு வழக்கு இன்னும் கடுமையானது. ரோமன் டச்சுச் சட்டத்திலிருந்து வந்த பழைய விதி ஒன்று இங்கே இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கடிபட்டவர் நியாயமாக அந்த இடத்தில் இருந்து, நாயைச் சீண்டாமலும் இருந்தால், உரிமையாளர் மேல் தவறே இல்லாவிட்டாலும் அவர்தான் பொறுப்பு.

ஜார்ஜ் நகரில் தெருவில் நடந்து போனவரை மூன்று நாய்கள் குதறி, அவர் ஒரு கையையே இழந்தார். கேட் பூட்டித்தான் இருந்தது, யாரோ வெளியாள் உடைத்துத் திறந்திருக்க வேண்டும் என்று உரிமையாளர் வாதிட்டார். 2020இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நாய் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேட்டைப் பூட்டினேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

படி 1: ஊசியும் அடையாளமும்

ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்குத் தடுப்பூசி இந்த நாட்டில் கட்டாயம். மூன்று மாதக் குட்டியில் முதல் ஊசி, ஓர் ஆண்டுக்குள் இரண்டாவது, அப்புறம் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. எங்கள் குவாசூலு நாட்டால் மாகாணத்தில் இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1976இல் மொசாம்பிக் பக்கமிருந்து மீண்டும் நுழைந்த நாய் ரேபிஸ் இந்த மாகாணத்தை விட்டு இன்னும் போகவில்லை. 2021இல் மனிதர்களுக்கு வந்த ரேபிஸும் கூடியது. அரசு கால்நடை மருத்துவர்கள் நடத்தும் முகாம்களில் இலவசமாகவே போடுகிறார்கள். அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாய் யாரையாவது கடித்துவிட்டால் முதலில் கேட்பது அதைத்தான்.

தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் போடுங்கள். காலரில் தொலைபேசி எண் பொறித்த தகடும் வேண்டும். சிப்பைப் படிக்கக் கருவி தேவை, தகட்டைத் தெருவில் போகிற யாரும் படிக்கலாம்.

படி 2: கேட்

பலர் நேராக லீஷ் (நாயைப் பிடித்து நடத்தும் வார்) வாங்கி நடைப்பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். நான் கேட்டில்தான் தொடங்கச் சொல்வேன். நாய் கட்டுமீறி வெளியே போவது பெரும்பாலும் கேட் வழியாகத்தான்.

முதலில் இரும்பு வேலை. உருளும் கேட் முழுதாகத் திறக்கும்வரை நாய் காத்திருக்காது, தலை நுழைகிற இடைவெளி கிடைத்தால் போதும். அதனால் கார் நிற்கிற இடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே இடுப்பளவுக்கு மேல் உயரமான கம்பிவலைக் கதவு ஒன்று போடுங்கள். ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். வெல்டிங் செய்கிறவருக்கு ஒரு நாள் வேலை.

மோட்டாரில் தானாக மூடும் அமைப்பை இயக்கி வையுங்கள். குறுக்கே ஆள் வந்தால் கண்டறியும் பீம் சென்சார் மாட்டிய பிறகுதான் அதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் குறுக்கே வரும் குழந்தை மேலேயே கேட் மோதும். மோட்டார் பேட்டரியையும் பாருங்கள். மின்வெட்டு அடிக்கடி வந்த காலத்தில் எத்தனையோ கேட்டுகள் பாதியில் நின்றன. மின்சாரம் போனால் சாவி போட்டு மோட்டாரை விடுவித்துக் கையால் தள்ளுவோம் இல்லையா? அப்படி விடுவித்த கேட்டை நாய் மூக்கால் தள்ளியே திறந்துவிடும். அந்நேரத்துக்கு ஒரு சங்கிலியும் பூட்டும் கேட் பக்கத்திலேயே தொங்கட்டும். சாட்ஸ்வர்த் மாதிரி மேடும் பள்ளமுமான இடத்தில் கேட்டுக்கு அடியில் ஒரு பக்கம் இடைவெளி இருக்கும், அதையும் அடைத்துவிடுங்கள்.

இனி பழக்கம். நாங்கள் நீண்ட நாள் முட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். 'இரு' என்றால் ராக்கி சமையலறையிலும் இருப்பான், பின்கட்டிலும் இருப்பான். கேட் மோட்டார் கிர்ரென்று கிளம்பியதும் எதுவும் காதில் ஏறாது. கத்திப் பார்த்தோம், காலரைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். இழுக்க இழுக்க வேகம்தான் கூடியது.

நின்று கவனித்ததில்தான் விஷயம் புரிந்தது. மோட்டார் சத்தமே அவனுக்கு 'ஓடு' என்ற கட்டளையாகிவிட்டது. நாம் 'இரு' என்று சொல்வதற்குள் அவன் கிளம்பியிருப்பான். அந்தச் சத்தத்துக்கு வேறு பொருள் கொடுத்தால்தான் வழி பிறக்கும்.

இப்படிச் செய்யுங்கள். கேட்டிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அங்கே ஒரு பழைய பாயைப் போடுங்கள். நாய் லீஷில் இருக்கட்டும், உள்கதவும் மூடியிருக்கட்டும். வீட்டில் ஒருவர் ரிமோட்டை அமுக்க வேண்டும். கேட் ஒரு சாண் நகர்ந்ததும் மறுபடி அமுக்கி நிறுத்த வேண்டும். சத்தம் கேட்ட அந்தக் கணமே, நாய் குரைத்தாலும் குதித்தாலும், பாயின் மேல் அவித்த கோழித்துண்டு விழ வேண்டும். நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். மோட்டார், கோழி. மோட்டார், கோழி. சில நிமிடம் செய்துவிட்டு நிறுத்திவிடுங்கள்; மாலையில் இன்னொரு முறை.

ஒரு நாள் மோட்டார் கிளம்பும்போது நாய் கேட்டைப் பார்க்காமல் பாயைப் பார்க்கும். அதற்கு அப்புறம்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும்: கேட் பாதி திறப்பது, முழுதாகத் திறப்பது, கார் உள்ளே வருவது, கடைசியாகத் தெருவில் ஆள் நடந்து போவது. ஒவ்வொன்றிலும் நாயின் முகத்தைப் பாருங்கள். வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாய் சட்டென்று வாயை மூடும். காது இரண்டும் முன்னால் வரும், உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு மாறும். அந்த அரை நொடியில் பாயில் கோழி விழுந்தால் திரும்பிவிடும். அதைத் தாண்டிவிட்டால் அன்றைக்கு நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்; ஒரு படி பின்னால் போங்கள்.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். ஒருவர் மட்டும் "போடா, வெளியே போய்ட்டு வா" என்று கேட்டைத் திறந்துவிட்டால் மற்றவர்களின் உழைப்பு வீண்.

படி 3: என்ன வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

நீண்டு சுருங்கும் லீஷை வாங்காதீர்கள். பெரிய நாய் பாய்ந்தால் அந்த மெல்லிய கயிறு கையை அறுக்கும். நாய் ஆளை எட்டிய பிறகுதான் நீங்கள் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். சுமார் 1.8 மீட்டர் நீளமுள்ள சாதாரண லீஷ் போதும். நான் தடித்த நைலானைத்தான் விரும்புகிறேன். டர்பன் ஈரக்காற்றில் தோல் பூஞ்சை பிடிக்கும், முலாம் பூசிய கொக்கி துருப்பிடிக்கும். பித்தளைக் கொக்கியாகப் பார்த்து வாங்குங்கள்.

இழுக்கிற நாய்க்கு நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னெஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை. முதுகில் மட்டும் வளையம் இருந்தால், வண்டிமாட்டுக்கு நுகத்தடி பூட்டிய மாதிரி, இன்னும் நன்றாக இழுக்கும். முள் காலர் வேண்டாம். ஆளைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால் ஆளைக் கண்டாலே வெறுக்கும்.

கடித்த பழக்கமுள்ள நாய்க்குக் கூடை மாதிரியான வாய்மூடி போடுங்கள். அதில் நாய் வாய் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம். துணி வாய்மூடி போட்டு இந்த வெயிலில் நடத்துவது ஆபத்து. பயிற்சிப் பரிசாகப் போலோனி என்ற இறைச்சித் தொத்திறைச்சியும் வேண்டாம், அதில் உப்பு அதிகம். அவித்த கோழி ஈரலைச் சின்னச் சின்னதாக நறுக்கி எடுத்துப்போங்கள்.

படி 4: தெருவில்

அதிகாலையில் போங்கள். கோடையில் தார் சாலையில் புறங்கையை வைத்துப் பார்த்துத் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

லீஷ் இறுகினால் நில்லுங்கள். தளர்ந்தால் நடங்கள். அவ்வளவுதான், ஆனால் ஒருநாளும் விட்டுக்கொடுக்கக் கூடாது. தொடக்கத்தில் தெருமுனை வரைகூடப் போக முடியாது, பரவாயில்லை.

ஆள் எதிரே வந்தால் அவருக்கும் நாய்க்கும் நடுவில் நீங்கள் இருங்கள், லீஷைச் சுருக்கிப் பிடியுங்கள், புல்வெளிப் பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். ஒதுங்க வேண்டியது நாம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் பாட்டிகள் இருக்கிறார்கள், விடியற்காலையில் வீட்டுவேலைக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். நாய்க்குப் பயந்து சுற்றுவழியில் போக அவர்களுக்கு எந்த அவசியமும் இல்லை. பையைக் கையில் வைத்திருந்து நாயின் கழிவை அள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் காது மடிப்பு, விரலிடுக்கு, வால் அடி எல்லாம் உண்ணி பாருங்கள். இங்கே உண்ணியால் வரும் பிலியரி காய்ச்சல் நாய்களைக் கொல்கிறது. ஈறு வெளுத்து, சாப்பிடாமல் சுருண்டு படுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

படி 5: அடுத்தவர் நாய் அவிழ்ந்து வந்தால்

ஓடாதீர்கள், கண்ணுக்கு நேராக முறைக்காதீர்கள். பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள். நான் எப்போதும் குடை எடுத்துப் போகிறேன். நாய்க்கு முன்னால் விரித்தால் பெரும்பாலானவை தயங்கி நிற்கும், பின்னாலேயே நகர்ந்துவிடலாம்.

பிறகு அந்த வீட்டுக்காரரிடம் பேச வேண்டும். சம்பவம் நடந்த சூட்டில் போகாதீர்கள், மறுநாள் போங்கள். எங்கள் தெரு அண்ணன் ஒருவரிடம் நான் இப்படித்தான் சொன்னேன்: "அண்ணா, உங்க கேட் கீழ் உருளை தேஞ்சிருக்கு, அதுதான் முழுசா மூடல. எங்க வெல்டரை அனுப்பட்டுமா?" நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வாரமே கேட் சரியாயிற்று. எல்லோரும் இப்படிக் கேட்க மாட்டார்கள். கேட்காதவர்களென்றால் தேதி, நேரத்தோடு படம் எடுத்து வைத்து நகராட்சியில் எழுத்தில் புகார் கொடுங்கள். கடித்துவிட்டால் காவல் நிலையம். நாய் பட்டினியாகவோ காயத்தோடோ இருந்தால் எஸ்பிசிஏ என்ற விலங்கு நலச் சங்கம்.

படி 6: தீபாவளியும் காவடியும்

வெடிச்சத்தத்தில் மதில் தாண்டி ஓடும் நாய்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு. தீபாவளியோடு முடிவதில்லை, வெடி வெடிக்கும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் இரவும் இருக்கிறது. இருட்டுவதற்கு முன்பே நடத்திக் கூட்டிவந்து, உள்ளறையில் விட்டு, திரை போட்டு, வானொலியை வையுங்கள். காலர் தகடு கழுத்தில் இருக்கட்டும். காவடியோ தீமிதி ஊர்வலமோ உங்கள் தெருவில் வருகிறதென்றால் அன்று நாய் வீட்டுக்குள். வெறுங்காலோடு, விரதத்தில், அலகு குத்தி வருகிறவர்கள் முன்னால் ஒரு நாய் பாயக் கூடாது.

இந்தக் கட்டுரையைப் படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

"பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். துன்பப்படும்படி கட்டி வைப்பது 1962ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதோடு, நாளெல்லாம் கட்டிக் கிடக்கும் நாய்க்கு ஆளைக் கண்டால் ஆத்திரம் ஏறும். சங்கிலி அறுகிற நாளில் அதைத் தடுக்கவே முடியாது. உள்கதவுச் செலவைச் செய்துவிடுங்கள்.

இரண்டு நாய் வைத்திருக்கும் ஒரு அக்கா, தனித்தனியாக நன்றாக இருப்பவை சேர்ந்தால் அடங்கவில்லை என்றார். பாய்ப் பயிற்சியை ஒவ்வொன்றுக்கும் தனியாக முடித்த பிறகு, இரண்டு பேர், இரண்டு லீஷ், இரண்டு பாய் என்று சேர்த்துச் செய்யுங்கள். ஒரே ஆள் இரண்டு பெரிய நாயைத் தெருவில் பிடித்துப் போகவே வேண்டாம்.

மஞ்சள்பொடி வைத்துக் கட்டினால் கடி ஆறிவிடும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தோல் கீறியிருந்தாலே சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், கட்டுப் போட்டு இறுக்காதீர்கள், அன்றே கிளினிக்குக்குப் போங்கள். வீட்டு நாய், தெரிந்த நாய் என்று பார்க்காதீர்கள். ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது. அதற்கு முன்னால் போடும் ஊசிதான் உயிரைக் காக்கும். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள்.